வாளியா, வலியா, வழியா

2024 ஜனவரி 11, வியாழக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒன்பதாம் மாடித் தம்பி ஒரு செய்தி போட்டான். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்து, பக்கத்தில் 'இருக்கா'. அவ்வளவுதான்.

ஐந்தாம் மாடி அக்கா உடனே பதில் போட்டார். "இருக்கு தம்பி, ராத்திரி முழுக்கத் தூங்கல, மாத்திரை போட்ட பிறகு இப்ப பரவால்ல." அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தன்னைத்தான் விசாரிக்கிறான் என்று நினைத்துவிட்டார். அடுத்து டாக்ஸி அண்ணன் வந்தார். "எங்க போறே? பாலத்துக்கா? எக்ஸ்பிரஸ்வே ஜாம், கிரீன் லேன் பக்கமா போ." கடைசியில் தம்பி, அடி வெடித்த சிவப்பு வாளி ஒன்றைப் படம் பிடித்துப் போட்டான். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவன் கேட்டது வாளி. அக்கா சொன்னது வலி. அண்ணன் காட்டியது வழி.

அன்றைக்குத் தண்ணீர் வெட்டின் இரண்டாம் நாள். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை, 10ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதி வரை நான்கு நாள் தண்ணீர் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மூடா ஆற்றுத் தண்ணீர் அங்கே சுத்தமாகி, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான். அங்கே வால்வை மூடினால் ஜெலுத்தோங்கில் நாங்கள் குளிக்க முடியாது. அதுவும் 15ஆம் தேதி பொங்கல். வீட்டைக் கழுவி, பானை தேய்த்து, திரைச்சீலை துவைக்க வேண்டிய வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பீப்பாய்த் தண்ணீரைக் கப்புக் கணக்கில் செலவு செய்துகொண்டிருந்தோம்.

நான்கு நாளும் குழு தூங்கவில்லை. சட்டி பானை கழுவ முடியாததால் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை, எல்லாரும் புங்குஸ்தான், அதாவது கடைப் பொட்டலம். மூன்றாம் மாடி பாய் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் வேலை செய்கிறார், காலையிலேயே யாருக்கு எத்தனைப் பொட்டலம் என்று கணக்கு எடுத்துவிடுவார். எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மிதக்க விடச் சொல்வதற்கு அங்கே 'குவா பஞ்சிர்' என்று பெயர், பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். ஏழாம் மாடி அக்கா எழுதினார்: "பாய், குழாயிலதான் ஒன்னும் வரல, சோத்துலயாவது பஞ்சிர் வரட்டும்." அன்று முழுக்க அதே பேச்சு. அது அப்படியே நீண்டு, கண்டார் என்பது தமிழ்ச் சொல்லா மலாய்ச் சொல்லா என்று வாத்தியார் ஐயாவும் பாயும் ராத்திரி பதினொன்று வரைக்கும் மல்லுக்கட்டினார்கள். கண்டார் என்றால் மலாயில் காவடித்தண்டு போன்ற கம்பு, அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் இரண்டு முனையிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள், அதனால் அந்தப் பெயர் என்றார் பாய். சொல் மலாயாக இருக்கட்டும், தோள் யாருடைய தோள் என்று கேட்டார் வாத்தியார். பாய் இதற்கு ஒரு இதயம் போட்டார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

இந்தக் குழு தொடங்கியது 2020 மார்ச்சில். கோவிட் பரவியதால் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்றார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு யார் சாமான் வாங்கிக் கொடுப்பது, யாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து எடுத்து வருவது என்பதற்காக ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். இப்போது அறுபத்து மூன்று பேர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, ஓய்வு நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால் இருநூறு செய்தி காத்திருக்கும். அரசியல் பேசி ஒருமுறை இரண்டு பேர் குழுவை விட்டே போய், மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். நேரடி விற்பனைக்காரர்களை நாங்களே வெளியேற்றினோம். அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை நடந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் பிளாக்குக்குப் பின்னால் தண்ணீர் லாரி வரும் என்று பதினாலாம் மாடிப் பையன் குழுவில் போட்டான். ஆங்கில எழுத்தில்தான். எல்லாரும் கட்டைவிரல் காட்டினோம், வாளியும் டப்பாவும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். மறுநாள் காலை, என் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், லாக்கர் அறையில் நின்றுகொண்டு பதினோராம் மாடிப் பாட்டியின் குரல் பதிவு ஒன்றைக் கேட்டேன். இருபது விநாடிகூட இருக்காது. "ஏம்ப்பா, நேத்து தண்ணி லாரி வந்துச்சாமே. எனக்கு யாரும் சொல்லலையே. ரெண்டு போத்தல்தாம்பா இருக்கு." கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை என்னவோ செய்தது.

பாட்டி படிக்காதவர் இல்லை. கெடாவில் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரியோடு நிற்கும்வரை அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, மரண அறிவிப்பு உட்பட, ஒரு வரி விடாமல் படித்தவர். ஆனால் ஏபிசிடியில் எழுதிய தமிழ் அவருக்குத் தமிழே இல்லை. அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் ஏதோ பந்து விளையாட்டுப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக் கைப்பேசியை மூடி வைத்திருக்கிறார். நாலு வருஷமாக எங்கள் குழுவில் பாதிச் செய்திகள் அவருக்கு எட்டவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்கள் புத்தியில் பட்டது. காலையில் வணக்கம் சொல்வார், குரல் பதிவில் எல்லாரையும் விசாரிப்பார், முருகன் படம் போடுவார், அதனால் எல்லாவற்றையும் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று காலை ஒன்பது மணிக்குள் பாட்டி வீட்டுக் கூடத்தில் பதினாலு பாத்திரம் தண்ணீர். பெயிண்ட் வாளி ஒன்று, பெரிய ஐஸ்கிரீம் டப்பா இரண்டு, மூடியில்லாத குக்கர் ஒன்று, மற்றதெல்லாம் போத்தல்கள். மூட்டு வலி அக்கா தன் மகனிடம் ஒரு குடம் கொடுத்து அனுப்பியிருந்தார், அவரிடமே மொத்தம் இரண்டு குடம்தான் இருந்தது. ஒன்பதாம் மாடித் தம்பி அந்த அடி வெடித்த சிவப்பு வாளியில் பிளாஸ்டிக் பை விரித்து, அதில் தண்ணீர் ஊற்றி, படியில் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போனானாம்.

அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை வந்தது.

வாத்தியார் ஐயா தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் திரும்ப வந்து எல்லாரும் பானை தேய்த்துக்கொண்டிருக்கும்போது நீளமாக எழுதினார். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது, இந்த மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டிக்குத் தண்ணீர் லாரி வந்த செய்தியைத் தமிழில் எழுத ஆள் இல்லையா என்று கேட்டார். இனிமேல் குழுவில் தமிழ் எழுத்து மட்டும்தான் என்றார். நான் உடனே ஆமாம் போட்டேன். இருபது பேர் ஆமாம் போட்டோம்.

ஒன்பதாம் மாடித் தம்பி எழுதினான், ஆங்கில எழுத்தில்தான்: "ஐயா, நான் சீனப் பள்ளியில படிச்சேன். சீன எழுத்து எழுதுவேன், மலாய் எழுதுவேன். தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது. என்னை யாரும் தமிழ்ப் பள்ளியில சேர்க்கல. நான் என்ன செய்யட்டும்?"

இதற்கு யாரும் பதில் எழுதவில்லை. எனக்கும் எழுதத் தெரியவில்லை.

இந்த ஆங்கில எழுத்துப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். எங்கள் காலத்தில் தொடங்கியதுதான் அது. குறுஞ்செய்திக்குக் காசு கொடுத்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 அடிக்கலாம். தமிழ் எழுத்து என்றால் 70தான். அந்த எழுபதிலும் கைப்பேசி நம்மைப்போல எண்ணாது. தமிழ் என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கைப்பேசிக்கு ஐந்து: த ஒன்று, ம ஒன்று, அதன் மேல் வரும் இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, அதன் தலைப்புள்ளி ஒன்று. கொஞ்சம் நலம் விசாரித்தாலே இரண்டு செய்திக்குக் காசு போய்விடும். அதையும் வாங்குகிறவர் கைப்பேசியில் தமிழ் இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்போது நாங்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடித்தோம், கல்யாண நாள் குறித்ததையும் சரி, சாவுச் செய்தியையும் சரி.

அந்தக் கட்டங்களை மாற்றியவர் ஒரு மலேசியர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். கணினிக்கு முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன்தான் 2005-இல் கைப்பேசியில் தமிழ் அடிக்கச் செல்லினம் கொண்டுவந்தார். நான் இதையெல்லாம் அடிப்பதும் செல்லினத்தில்தான். இப்போது எந்தக் கைப்பேசி வாங்கினாலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, செய்திக்குக் காசும் இல்லை, எழுபது எழுத்து என்ற கட்டுப்பாடும் இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. விரலுக்கு அந்த ருசி பழகிவிட்டது.

ஆங்கில எழுத்தில் தமிழ் கிடைப்பது அரைகுறையாகத்தான். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடும், குறிலும் நெடிலும் தெரியாது. ஒருநாள் ஒரு அக்கா, மகன் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, பல்லிக்கு எதற்குப் போக வேண்டும் என்று பாய் கேட்டார், அந்தக் கிண்டல் ஒரு வாரம் ஓடியது. சிரிப்பது சரி. ஆனால் மருந்தின் பெயரையும் நேரத்தையும் அப்படி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, தமிழ் எழுத்து மட்டும் என்ற விதி என்ன ஆனது? இரண்டு வாரம் நின்றது. அந்த இரண்டு வாரமும் குழு கோயில் அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்கள் மட்டும் அழகாக எழுதினோம், நாங்களே பாராட்டிக்கொண்டோம். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. லிஃப்ட் பழுதான அன்று அதைச் சொல்லக்கூட யாரும் இல்லை, வழக்கமாக முதலில் சொல்வது அந்த ஒன்பதாம் மாடித் தம்பிதான், அவன் பார்த்துவிட்டுப் பேசாமல் படியேறிப் போயிருக்கிறான். ஐந்தாம் மாடி அக்கா அந்த மூட்டோடு லிஃப்ட் கதவு முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். பாட்டிக்கு லாரிச் செய்தி எட்டாததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே படிக்க முடியாமல் ஒருவர் விடுபட்டார், இங்கே எழுத முடியாமல் ஒருவர் விடுபட்டார். நான் என் ஆமாமைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று குழுவில் எழுதினேன். வாத்தியார் ஐயாவுக்கு வருத்தம்தான். இரண்டு நாள் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை, அப்புறம் யார் வீட்டு மாமரத்திலிருந்தோ வந்த மாங்காயைப் பற்றிப் பேச்சு வந்ததும் தாங்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்.

வழியைக் கண்டுபிடித்தது பாட்டி. "எழுதத் தெரியாட்டி பேசுப்பா, உன் போன் எழுதும்னு என் பேத்தி சொன்னாளே" என்று தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பினார். அன்றிலிருந்து அவன் கைப்பேசியிடம் தமிழில் பேசுகிறான், அது தமிழில் எழுதுகிறது, அவன் அதை அப்படியே போட்டுவிடுகிறான், சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. பாட்டி படித்துவிட்டுத் திருத்தம் சொல்வார். அவன் பேசுகிற ஜெலுத்தோங் தமிழை, நடுவில் மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்து வருவதை, அந்தக் கைப்பேசி பாவம் என்ன செய்யும்? பாட்டி மட்டும் சரியாகப் புரிந்துகொள்வார். இப்படித் திருத்தித் திருத்தியே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பதினோராம் மாடியில் அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வயதுப் பையன், கோடு போட்ட நோட்டில் கானா சூனா எழுதுகிறான். ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்தேன். ழகரம் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான், ஒவ்வொன்றின் வாலும் ஒவ்வொரு திசையில் போயிருந்தது, கடைசி வரிசையில் இருந்த நாலைந்து மட்டும் நேராக நின்றன.

இப்போது எழுதப்படாத வழக்கம் என்னவென்றால், அவசரச் செய்தி எதுவாக இருந்தாலும் எந்த எழுத்தில் போட்டாலும் கூடவே ஒரு குரல் பதிவு வேண்டும். மற்றபடி அவரவர் இஷ்டம். வாத்தியார் இன்னும் திருப்தியடையவில்லை, அவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதாமல் இருக்கிற என் வயதுக்காரர்கள் குழுவில் இருபது பேராவது இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு இன்றைக்கும் வாக்குவாதம்தான்.

வாக்குவாதம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என் உறவுக்காரர்கள் குழு ஒன்று இருக்கிறது, நூற்று நாற்பது பேர், சண்டையே கிடையாது. காலையில் ரோஜாப்பூ, ராத்திரி நிலா. சித்தப்பா ஒருவர் தவறியபோது எல்லாரும் ஒரே மாதிரிக் கும்பிடும் கை போட்டார்கள், வீட்டுக்கு வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஃப்ளாட்டுக் குழுவில் எனக்கு யார் எதற்குக் கோபப்படுவார், யார் இரண்டு நாளில் இறங்கி வருவார், யாரிடம் ராத்திரி இரண்டு மணிக்குக் காரைக் கேட்கலாம் என்று தெரியும். என் அம்மாவுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி நான் கூப்பிட்டது டாக்ஸி அண்ணனைத்தான், அதற்கு முந்தின நாள்தான் கார் நிறுத்தும் இடத்துக்காக அவரோடு சத்தம் போட்டிருந்தேன். கைலியோடு இறங்கி வந்தார். அந்தச் சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை, அடுத்த வாரம் மறுபடி போட்டோம்.

மதுரையிலிருந்து வேலைக்கு வந்து எங்கள் பிளாக்கில் குடியிருக்கும் ஒரு இன்ஜினியர் தம்பி குழுவில் சேர்ந்த முதல் நாள், "பசியாறியாச்சா?" என்று ஆறு பேர் கேட்டதும், அது என்ன என்று கேட்டார். காலைச் சாப்பாடு என்றோம். ஓ, டிபன் என்றார். டிபன் இங்கிலீஷ் தம்பி, பசி ஆறுவதுதான் தமிழ் என்று வாத்தியார் ஆரம்பித்தார், எங்கள் ஊரில் பசியாறுவது மூன்று வேளையும்தான் என்று மதுரைத் தம்பி விட்டுக்கொடுக்காமல் நின்றார். முடிவு ஒன்றும் வரவில்லை. ஆனால் இப்போது அவரும் காலையில் பசியாறியாச்சா என்றுதான் கேட்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்கும் அதையே கேட்கிறார்.

அதற்குப் பிறகு இன்னொரு முறை தண்ணீர் நின்றது. ஒன்பதாம் மாடித் தம்பி, கைப்பேசியிடம் பேசாமல், தானே விரலால் அடித்து, தமிழ் எழுத்தில் போட்டான்: "வாலி இருக்கா?"

"வாலியை இராமன் கொன்றுவிட்டான் தம்பி, உனக்கு வேண்டியது வாளி" என்று வாத்தியார் எழுதினார், பக்கத்தில் ஐந்து கைதட்டல்.

பாட்டியின் குரல் பதிவு அதற்குள் வந்துவிட்டது. "எங்கிட்ட ரெண்டு இருக்கு. மேல வந்து எடுத்துக்கப்பா." அவன் இரண்டையும் எடுத்துப் போனான். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், இன்னொன்று இன்னும் ஒன்பதாம் மாடியில்தான் இருக்கிறது.